குண்டு டயரும் ஒல்லி டயரும் பால்பாண்டியின் இடது கையும்

1. நாலாம் நாள்

விற்ற சைக்கிள் நாலாம் நாளே கடைக்குத் திரும்பி வந்தால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, பிட்டர் பாகங்களைச் சரியாக மாட்டவில்லை. இல்லையென்றால், வாங்கியவருக்கு ஓட்டத் தெரியவில்லை. சிவகாசியில் ஒரு சைக்கிள் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். முதலில் பிட்டர், பிறகு விற்பனையும் சேர்த்து. அத்தனை வருடமும் இரண்டாவது காரணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. கடையைத் திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தேன். முத்துமாரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். முன் சக்கரம் கோட்டம் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக்கில் உரசியது. அவளுக்குப் பத்தடி பின்னால் அவள் புருஷன் பால்பாண்டி. தாடையில் பிளாஸ்திரி, முழங்காலில் கிழிந்த பேன்ட். இடது கையின் மேல் ஒரு துண்டைப் போட்டிருந்தான். திங்கட்கிழமை வாங்க வந்தபோதும் அப்படித்தான் போட்டிருந்தான்.

"அண்ணே, இந்த வண்டி இவுகளைத் தூக்கி எறிஞ்சிருச்சு," என்றாள் முத்துமாரி.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் மாட்டிய சைக்கிளை யாராவது குறை சொன்னால் எனக்கு அப்படித்தான் வரும். "அது என்ன தாயி, சல்லிக்கட்டுக் காளையா, தூக்கி எறியிறதுக்கு?" என்று கேட்டேன். ஸ்டாண்டைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வையைத் துடைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

2. எம்டிபியா, ரோடு பைக்கா

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்கள் யூடியூபில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். "எம்டிபி எடுக்கலாமா, ரோடு பைக் எடுக்கலாமா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் கடையில் அதற்குப் பெயர் குண்டு டயர், ஒல்லி டயர். குண்டு டயர் என்றால் மலையேறுவதற்குச் செய்தது. டயரில் பல் பல்லாகக் கட்டை இருக்கும், முன்னால் ஸ்பிரிங் இருக்கும், ஹேண்டில் நேராக இருக்கும், பதினேழு கிலோவுக்குக் குறையாது. ஒல்லி டயர் ரோட்டுக்கு உரியது. ஹேண்டில் ஆட்டுக்கடா கொம்பு மாதிரி வளைந்து கீழே இறங்கும். இரண்டு விரலால் தூக்கிவிடலாம்.

வேலைக்குப் போக எது நல்லது என்று கேட்டால் நான் ஒரு சொற்பொழிவே வைத்திருந்தேன். மெயின் ரோட்டிலேயே போய் மெயின் ரோட்டிலேயே வருகிறவருக்கு ஒல்லி டயர். ஊருக்குள் மண் பாதை இருந்தால் குண்டு டயர். வேலிக்கருவை முள் கிடக்கிற பாதையா, குண்டு டயர். கரிசல் காடா, அதற்கும் குண்டு டயர். கேட்கிறவர் வாயைத் திறக்குமுன் சொல்லி முடித்துவிடுவேன்.

அந்தத் திங்கட்கிழமை இவர்கள் இரண்டு பேரும் வந்தபோதும் சொற்பொழிவு நடந்தது. முத்துமாரிதான் பேசினாள். ஊர் சாத்தூர் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, கரிசல் பாதை. அவனுக்கு ஒரு காலண்டர் பிரஸ்ஸின் குடோனில் கேட் பதிவு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. போக ஒன்பது கிலோமீட்டர். அடுத்த திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பஸ் அந்த நேரத்துக்கு இல்லை.

"மோட்டார் பைக்ல போகலாமே?" என்றேன்.

"பெட்ரோல் வாடை பட்டாலே இவுகளுக்கு உடம்பு நடுங்கிரும்ணே. போன வருசம் கம்பெனியில..." என்று சொல்லி நிறுத்தினாள்.

எங்கள் ஊரில் அந்த வாக்கியத்தை யாரும் முடிக்கச் சொல்ல மாட்டோம். கம்பெனி என்றால் பட்டாசுக் கம்பெனி. அவன் வெடிமருந்து அறையில் வேலை பார்த்தவன். ஒரு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்திருக்கிறான். இவள் இன்னும் அதே கம்பெனிக்குத்தான் போகிறாள். காலையில் ஆறரைக்கு, கரிசல் பாதை ரோட்டில் சேரும் ஊர் முக்கில் வேன் வந்து ஹாரன் அடிக்கும்.

"இவுக ஒரு வேலையில உக்காந்துட்டா நான் மருந்து வேலைய விட்டுருவேன். அதுக்குத்தான் இம்புட்டும்," என்றாள்.

பால்பாண்டி அதைக் கேட்காதவன் போல ஒல்லி டயர் வண்டி ஒன்றின் பக்கத்தில் நின்றிருந்தான். வலது கையால் அதன் சீட்டைத் தடவினான். "இது எம்புட்டு கனம்ணே?" என்று கேட்டான். "பதினோரு கிலோ. ஆனா ஒங்க பாதைக்கு ஆகாது தம்பி," என்றேன். "ஊதுனா ஒடிஞ்சிரும் போல இருக்கு, அதப் போய்ப் பாக்குறீகளே," என்று முத்துமாரியும் என்னோடு சேர்ந்துகொண்டாள். இரண்டு வாய்க்கு நடுவே அவன் சீட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். குண்டு டயர் முடிவாகிவிட்டது.

3. இலையைப் பார்த்தே போதும் என்பது

நான் செய்த தப்பை வெளியூர்க்காரன் செய்திருக்க மாட்டான். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவருக்காவது தீப்பட்ட தழும்பு இருக்கும். அதை உற்றுப் பார்க்கக் கூடாது என்பது சின்ன வயதிலேயே படிந்த பழக்கம். என் சித்தப்பா மகளுக்குக் கழுத்திலிருந்து முழங்கை வரை உண்டு. கல்யாண வீட்டில் அவள் சாம்பார் வாளியோடு பந்தியில் வந்தால், நாங்கள் எல்லோரும் இலையைப் பார்த்தே "போதும்மா" என்போம். யாரும் தலையைத் தூக்க மாட்டோம். அதை மரியாதை என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்த மரியாதையைத்தான் பால்பாண்டிக்கும் செய்தேன். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க தம்பி," என்று குண்டு டயரைத் தெருவில் இறக்கினேன். அவன் துண்டோடு சேர்த்து இடது கையை ஹேண்டிலில் வைத்தபோது என் கண் தானாக எதிர்க்கடைப் பக்கம் போய்விட்டது. மெதுவாக ஒரு சுற்று போய்வந்தான். காலை ஊன்றி நிறுத்தினான். பிரேக்கைத் தொட்டானா என்று நான் பார்க்கவில்லை. டயரில் காற்று, சீட்டு உயரம், செயின் இழுவை, எல்லாம் பார்த்தேன். முப்பது வருட அனுபவம் அன்றைக்கு அவ்வளவுதான் பார்த்தது.

4. யாரும் கேக்க மாட்டேங்கிறாக

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். சக்கரத்தைக் கழற்றிக் கோட்டம் எடுத்தேன். பிரேக்கைப் பார்த்தேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை. வெற்றி பெற்றவன் போல நிமிர்ந்து, "எப்படி விழுந்தீக?" என்று கேட்டேன்.

"பாலத்து இறக்கத்துலண்ணே. ஒரு வெள்ளாடு குறுக்க வந்துச்சு. பிரேக்கைப் பிடிச்சேன். வண்டி நின்னுருச்சு, நான் நிக்கல."

"எந்தப் பிரேக்கைப் பிடிச்சீக?"

வலது கையைத் தூக்கிக் காட்டினான். நம் ஊர் சைக்கிளில் வலது கை முன் பிரேக், இடது கை பின் பிரேக். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் ஆள் ஹேண்டிலுக்கு மேல் பறக்க வேண்டியதுதான்.

"இடதையும் சேத்துல்ல பிடிக்கணும்? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே," என்றேன்.

"பிடிக்க முடிஞ்சா பிடிச்சிருப்பேன்ணே."

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அத முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"நீங்க கேக்கலையேண்ணே. யாருமே கேக்க மாட்டேங்கிறாக. ஆஸ்பத்திரியில இருந்து வந்த நாள்ல இருந்து எல்லாரும் என் செருப்பைப் பாத்தே பேசுறாக. பிரஸ்ஸுல வேலை குடுத்த மேனேஜரும் சுவத்தப் பாத்துக்கிட்டுத்தான், 'சரி, வா'ன்னாரு. எனக்கு கை போகல, ஆளே போன மாதிரி இருக்கு."

"வாய மூடுங்க," என்றாள் முத்துமாரி. இந்த முறை அவள் அழுவது தெரிந்தது.

அவன் விடவில்லை. "இவ தெனமும் அங்கன போறாண்ணே. சாயங்காலம் வேன் திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு உசுரு கிடையாது. எங்கயாவது சத்தம் கேட்டா வாசல்ல போய் நிப்பேன். பொகை எந்தப் பக்கம் தெரியுதுன்னு பாப்பேன். திங்கக்கெழமை நான் வேலைக்குப் போயிட்டா அது முடிஞ்சிரும்னு இருந்தேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு சைக்கிள் வாங்க வந்தவனிடம் நான் டயரின் பல்லைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறேன்.

"கையைக் காட்டுங்க தம்பி," என்றேன்.

சற்று நேரம் என்னையே பார்த்தான். பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டான். தோல் இழுத்துப் பிடித்து நான்கு விரலும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. கட்டை விரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. என் கையில் கிரீஸ் இருந்தது. வேட்டியில் துடைத்துவிட்டு அவன் கையை என் கைக்குள் வாங்கிக்கொண்டேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, எல்லார் கையையும் போல. வலிக்கிறதா என்று கேட்டேன். குளிர்காலத்தில் வலிக்கும் என்றான். விரல் எவ்வளவு தூரம் விரியும் என்று கேட்டேன். விரித்துக் காட்டினான். நடுவில் ஒரு பேனா நுழையும், அவ்வளவுதான்.

குண்டு டயர் வண்டியின் கைப்பிடி தடித்த ரப்பர். அதைச் சுற்றி அந்த விரல்கள் போகவே போகாது. நாலு நாளாக அவன் கையை அதன் மேல் சும்மா வைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறான். குழியில் இறங்கினால் கை நழுவிவிடும். ஸ்பிரிங்கும் கியரும் அவனுக்கு என்ன செய்யும்?

ஒல்லி டயர் வண்டியை இழுத்து அவன் முன்னால் நிறுத்தினேன். அதில் ஹேண்டில் வளையும் இடத்தில் பிரேக் லீவருக்கு மேலே ரப்பர் போட்ட ஒரு மேடு இருக்கும். அதைப் பிடிக்க வேண்டியதில்லை. கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் உள்ள கவட்டை அதில் மாட்டிக்கொள்ளும். அவன் கையைத் தூக்கி அதில் வைத்தேன். உட்கார்ந்துவிட்டது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான். கை நழுவவில்லை.

"ஏ மாரி, இங்க பாரேன்," என்றான். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான்.

5. ஒரு லீவரில் இரண்டு ஒயர்

முதலாளி அண்ணாச்சி கல்லாவிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏலே, கீழ விழுந்த வண்டிய மாத்திக் குடுத்தா அதை எவன்லே வாங்குவான்?" என்றார்.

"நான் வாங்கிக்கிறேன் அண்ணாச்சி. திருத்தங்கல்லு வீட்டுக்குப் போக வர எனக்கு ஒரு வண்டி வேணும்."

"ஒனக்கு எதுக்குலே மலை ஏறுற வண்டி? ஒங்க வீட்டு வாசப்படிதான் ஒனக்கு மலை," என்றார். அவர் சம்மதம் சொல்லும் விதம் அது. பால்பாண்டியையும் முத்துமாரியையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அனுப்பினேன்.

அன்று மதியமே வேலையைத் தொடங்கினேன். இரண்டு பிரேக்கும் வலது கைக்கு வர வேண்டும். மாற்றுத்திறனாளிகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கு ஒரு லீவர் உண்டு. ஒரே பிடியில் இரண்டு ஒயரை இழுக்கும். விருதுநகரில் அந்த வண்டிகளை ரிப்பேர் செய்யும் நண்பரிடம் போய் ஒன்றை வாங்கி வந்தேன். அதன் கிளாம்ப் இந்த ஹேண்டிலுக்குச் சிறியது. அரத்தால் ராவி ராவிச் சேரவைத்தேன். சனிக்கிழமை முழுதும் ஒயரை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து அட்ஜஸ்ட் செய்தேன். பின் பிரேக் கவ்விய பிறகுதான் முன் பிரேக் கவ்வ வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பழைய கதைதான். முன் கியரை எடுத்துவிட்டு, வலது கைக்கு வரும் பின் சக்கரத்துக் கியரை மட்டும் வைத்தேன். அந்த வண்டியின் சட்டத்துக்குள் அடங்கும் தடித்த டயராகப் பார்த்துப் போட்டேன். வேலிக்கருவை முள்ளுக்கு டியூபில் பஞ்சர் ஜெல் ஊற்றினேன்.

கரிசல் பாதைக்கு என்ன வழி என்று வெள்ளிக்கிழமை அனுப்புமுன் அவனிடமே கேட்டிருந்தேன். கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டேன் அல்லவா.

"மழை பெஞ்சா அங்கன எந்த வண்டியும் உருளாதுண்ணே," என்றான். "குண்டு டயர்னா அந்தப் பல்லுக்குள்ள சகதி அப்பி, சக்கரமே சுத்தாது. செவ்வாக்கெழமை மழையில அதை இழுக்க முடியாம நானும் மாரியும் நடுவழியில நின்னோம். இதைன்னா தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு நடந்துருவேன்."

இத்தனை வருடம் கரிசலுக்குக் குண்டு டயர் என்று சொன்ன வாய் இது. மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் அந்தப் பாலத்துக்குப் போனோம். அவன் புது வண்டியை உருட்டி வந்தான், ஏறவில்லை. நான் குண்டு டயரில் போயிருந்தேன். இறக்கத்தின் உச்சியில் நின்றவன், "என்னால முடியாதுண்ணே," என்று சொல்லிவிட்டான். முத்துமாரி இறக்கத்தின் அடியில் போய் நடு ரோட்டில் நின்றுகொண்டாள்.

"தாயி, ஓரமா வா. வண்டி வரும்," என்று கத்தினேன்.

"இவுக நிப்பாட்டுவாக. நான் இங்கனயே நிக்கிறேன்," என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான், லீவரைப் பார்த்தான், ஏறி உட்கார்ந்தான். நான் பக்கத்திலேயே இறங்கினேன். பாதி இறக்கத்தில் பிடித்தான். பின் சக்கரம் கவ்வியது, பிறகு முன் சக்கரம். அவளுக்கு ஒரு ஆள் தூரம் முன்னால் வண்டி நின்றது. அவன் பறக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த இறக்கத்தில் எத்தனை முறை இறங்கினான் என்று கணக்கு வைக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது, நான்தான் போதும் என்று கெஞ்சினேன்.

6. திங்கட்கிழமை

பாடம் என்று ஒன்றைச் சொல்லித்தான் முடிக்க வேண்டும் என்பார்கள். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், திங்கட்கிழமையைச் சொன்ன பிறகு எனக்குப் பேச்சு வராது. சைக்கிள் கடையில் நிற்கிறவர்களே, எம்டிபியா ரோடு பைக்கா என்று ஒருவர் கேட்டால் பாதையைப் பற்றிக் கேளுங்கள், தூரத்தைக் கேளுங்கள், அதற்கெல்லாம் முன்னால் வந்தவரைப் பாருங்கள். கையைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை நான் எத்தனையோ பேரிடம் கேட்டேன், எல்லோரும் நீட்டத்தான் செய்தார்கள். என் சித்தப்பா மகளிடமும் இப்போது முகத்தைப் பார்த்தே சாம்பார் கேட்கிறேன். "என்னண்ணே, இன்னைக்குத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள் அவள்.

திங்கட்கிழமை எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் குண்டு டயரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊர் முக்குக்குப் போய்விட்டேன். எட்டரை மணி வேலைக்கு ஏழரைக்குப் புறப்பட்டால் போதும். ஆனால் ஆறேகாலுக்கே இரண்டு பேரும் கரிசல் பாதையில் வந்துகொண்டிருந்தார்கள். இரவு தூறியிருக்கிறது. அவன் தோளில் வண்டி, அவள் கையில் சாப்பாட்டுப் பை. ரோட்டுக்கு வந்ததும் வண்டியை இறக்கி வைத்து, பையை மாட்டினான். துண்டைக் காணோம்.

"துண்டு எங்க தம்பி?" என்றேன்.

"எதுக்குண்ணே, பிரேக்குல சிக்கிக்கிறதுக்கா?" என்றான்.

அதற்குள் கம்பெனி வேன் வந்து நின்று இரண்டு ஹாரன் அடித்தது. உள்ளே பெண்கள் சாப்பாட்டு வாளியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பால்பாண்டி சைக்கிளில் ஏறாமல், ஒரு காலை ஊன்றி, முத்துமாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாரி, ஏறு, நேரமாச்சு," என்றார் டிரைவர்.

"நான் வரலண்ணே," என்றாள். அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஜன்னல் பக்கம் போய் இன்னொரு முறை சொன்னாள். "இனிமே வரல. இவுக வேலைக்குப் போறாக."

டிரைவர் எட்டி அவனைப் பார்த்தார். கையைப் பார்த்தார், முகத்தையும் பார்த்தார். "போய்ட்டு வாய்யா," என்றார். வேன் போய்விட்டது. அது கண்ணுக்கு மறையும் வரை நின்றுவிட்டுப் பால்பாண்டி மறுபக்கம் மிதித்தான். நாங்கள் இரண்டு பேரும் அவன் வளைவில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அழவில்லை. வெறும் கையோடு நின்று ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"அண்ணே, இந்நேரத்துக்கு நான் வீட்டுல இருந்ததே இல்ல," என்றாள். "போய் என்ன செய்யிறதுன்னே தெரியல."